கல்லூரியே தன் கான்ஃபரன்ஸ் மீது வழக்குப் போடுவது ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் போன்ற பல்கலைக்கழகங்கள் தாங்கள் உறுப்பினராக இருக்கும் விளையாட்டுக் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டனவே, ஏன்? இப்படிப்பட்ட வழக்குகளில் கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் யாரும் ஜெயிப்பதில்லை, ஏனென்றால் தீர்ப்பு வரை யாரும் போவதில்லை. எனக்குத் தெரிந்த பெரிய வழக்குகள் எல்லாமே பாதி வழியில் பேசி முடிக்கப்பட்டவைதான். பிரிந்துபோவதற்கு என்ன விலை என்று தெரியாதபோது, அந்த விலையைப் பேசுவதற்குக் கிடைத்த இடம்தான் நீதிமன்றம். அதனால் எந்த ஊர் நீதிமன்றம், வழக்கு நடக்கும்போது பணப்பெட்டி யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. சட்டக் கேள்விகள் சுவாரசியமானவை, ஆனால் அவற்றுக்கு விடை கிடைப்பது அபூர்வம்.

கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட விளையாட்டுச் சங்கம் அது. ஆட்ட அட்டவணை போடுவது, நடுவர்களை நியமிப்பது, சாம்பியன் யார் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை. ஒரு கமிஷனர் இருப்பார், அலுவலகம் இருக்கும். ஆனால் முதலாளிகள் உறுப்பினர்கள்தான். பல்கலைக்கழகத் தலைவர்கள் உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழு சொல்வதுதான் சட்டம். ஆகவே ஒரு கல்லூரி கான்ஃபரன்ஸ் மீது வழக்குப் போடும்போது, கூட்டுக்குடும்பத்தில் ஒரு தம்பி பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போவது போலத்தான். எதிர்த்தரப்பு வக்கீலின் ஃபீஸ் போவதும் எல்லோருக்கும் பொதுவான அதே பணத்திலிருந்துதான்.

இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு சொத்து எப்படி வந்தது? 1984 வரை கல்லூரி ஃபுட்பாலில் (அமெரிக்க ஃபுட்பாலைச் சொல்கிறேன்) எந்த வாரம் எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களின் தரப்பும் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் என்சிஏஏவின் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவரே ஒரு காலத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். டிவி பணம் வந்தால் கல்லூரி விளையாட்டு முழுக்க வியாபாரமாகிவிடும் என்பது அவர் கவலை. சொன்னது நடந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்றால் விலை கூடும் என்பதால், அந்த உரிமைகள் மெல்ல மெல்லக் கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தன. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளின் சங்கம் என்பது போய், டிவி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் சங்கம் என்றாகிவிட்டது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் இன்று அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. பிக் டென்னில் 18 கல்லூரிகள் இருக்கின்றன.

பெரிய வழக்குகளில் ஒன்று 2003இல் வந்தது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மயாமி, பாஸ்டன் காலேஜ் போன்ற கல்லூரிகளைப் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து ஏசிசி (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) இழுக்கப் பார்க்கிறது என்று பிக் ஈஸ்ட்டில் மிஞ்சியிருந்த கல்லூரிகள் வழக்குப் போட்டன. கனெக்டிகட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக அப்போது இருந்த ரிச்சர்ட் புளூமென்தால் முன்னால் நின்று வாதாடினார். வழக்குப் போட்டவர்களில் விர்ஜீனியா டெக்கும் ஒன்று. சில வாரங்களில் ஏசிசி அந்த விர்ஜீனியா டெக்கையே அழைத்தது. அதுவும் வழக்கிலிருந்து நழுவி, எதிரியின் வீட்டுக்கே குடிபோய்விட்டது. மிச்ச வழக்கு 2005இல் 50 லட்சம் டாலருக்கு முடிந்தது. இந்தத் துறையில் கொள்கை என்று எதுவும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. (கிடைத்தது, மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸான பேக்-12 பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.)

இப்படி அடிபட்ட கான்ஃபரன்ஸ்கள் வேலி போட ஆரம்பித்தன. முதல் வேலி விலகல் கட்டணம், கூடவே முன்னறிவிப்புக் காலம். பிக் ஈஸ்ட் 50 லட்சம் டாலரும் 27 மாத முன்னறிவிப்பும் வைத்தது. 2011 அக்டோபர் கடைசியில் மேற்கு விர்ஜீனியா பல்கலைக்கழகம் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தது. 27 மாதம் காத்திருக்க முடியாது என்று தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. பிக் ஈஸ்ட் சில நாளில் தன் தலைமையகம் இருந்த ரோட் ஐலண்டில் எதிர்வழக்குப் போட்டது. ஒரே தகராறு, இரண்டு மாநிலம், இரண்டு நீதிபதி. 2012 பிப்ரவரியில் 2 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். எழுதியிருந்த தொகை 50 லட்சம், கட்டியது அதைப்போல் நான்கு மடங்கு. காத்திருக்காமல் போவதற்கான விலைதான் அந்த வித்தியாசம்.

அடுத்தது மேரிலாண்ட். ஏசிசியை உருவாக்கிய கல்லூரிகளில் ஒன்று. கையில் பணம் இல்லாமல் 2012இல் ஏழு விளையாட்டு அணிகளையே கலைத்துவிட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஏசிசி தன் விலகல் கட்டணத்தைக் கான்ஃபரன்ஸின் ஆண்டுச் செயல்பாட்டு பட்ஜெட்டைப் போல் மூன்று மடங்காக உயர்த்தியது, ஏறத்தாழ 5.2 கோடி டாலர். எதிர்த்து ஓட்டுப் போட்டவை இரண்டே கல்லூரிகள்: மேரிலாண்ட், ஃப்ளோரிடா ஸ்டேட். இரண்டாவது பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மேரிலாண்ட் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. ஒரு வாரத்தில் வட கரோலினாவில் ஏசிசி வழக்குப் போட்டது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது தப்பில்லை. ஆனால் அந்தத் தொகை, நஷ்டம் எவ்வளவு வரும் என்பதற்கான நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும். பயமுறுத்துவதற்காகப் போட்ட அபராதம் என்றால் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிடலாம். ‘பட்ஜெட்டைப் போல் மூன்று மடங்கு’ என்பது எந்த நஷ்டத்தின் கணக்கு? மேரிலாண்ட் அறிவித்த சில நாட்களிலேயே ஏசிசி அதற்குப் பதிலாக லூயிவில் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொண்டது. அப்படியானால் 5.2 கோடி நஷ்டம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. மறுபக்கத்தில், ஒரு ஸ்தாபக உறுப்பினர் போனால் கான்ஃபரன்ஸின் பெயருக்கும் அடுத்த பேரத்துக்கும் என்ன சேதம் என்பதை டாலரில் அளப்பது கஷ்டம்தான். கஷ்டமாக இருப்பதால்தான் முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொண்டோம் என்பது அவர்கள் வாதம். எல்லோரும் படித்தவர்கள், வக்கீல் வைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பதும் கான்ஃபரன்ஸுக்குச் சாதகம்.

நீதிபதி என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியாமலே போய்விட்டது. மேரிலாண்டுக்குச் சேர வேண்டிய பங்குத் தொகையை ஏசிசி கொடுக்காமல் நிறுத்தி வைத்துக்கொண்டே வந்தது. மேரிலாண்ட் பதிலுக்கு 15.7 கோடி டாலர் கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்தது. 2014 ஆகஸ்டில் சமரசம். மேரிலாண்ட் கொடுத்தது 3,13,61,788 டாலர். ஏசிசி ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்த தொகை அப்படியே அதுதான். மேரிலாண்ட் புதிதாக ஒரு காசோலைகூட எழுதவில்லை. பணப்பெட்டி யார் கையில் என்று மேலே சொன்னேனே, இதைத்தான்.

கட்டணம் மட்டும் போதாது என்று ஏசிசிக்குப் புரிந்துவிட்டது. 2013இல் இரண்டாவது வேலி வந்தது: உரிமை ஒப்படைப்பு. ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விலகினாலும் அந்த உரிமை கான்ஃபரன்ஸிடமே இருக்கும். இதன் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கட்டணம் என்றால் அபராதமா இழப்பீடா என்று வாதாடலாம். இது அபராதமே இல்லை. சொத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க என்ன உரிமை? ஆட்டத்தை ஒளிபரப்ப முடியாத கல்லூரியை எந்தக் கான்ஃபரன்ஸ் சேர்த்துக்கொள்ளும்? 2016இல் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி நிறுவனத்தோடு சேர்ந்து ஏசிசிக்கென ஒரு தனிச் சேனல் தொடங்க முடிவானபோது இந்த ஒப்படைப்பு 2036 வரை நீட்டிக்கப்பட்டது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஃப்ளோரிடா ஸ்டேட் உட்பட.

அப்புறம் காலம் மாறியது. பிக் டென், எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) இரண்டும் புது ஒப்பந்தங்களில் எங்கோ போய்விட்டன. ஏசிசி மட்டும் பழைய விலையில் 2036 வரை மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பர் ஆரம்பத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களில் 13ஐயும் ஜெயித்து ஏசிசி சாம்பியனாக நின்றது. இருந்தும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நான்கு அணிகளின் பிளேஆஃபில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அணியின் தாக்குதலை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் காயமடைந்திருந்தார். ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த எஸ்இசி சாம்பியன் அலபாமாவுக்கு இடம் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள். பல்கலைக்கழகத்தின் மனக்குறை அதற்கு முன்பே இருந்தது, இது கொள்ளிக்கட்டை.

டிசம்பர் 22 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டின் அறங்காவலர் குழு கூடி, தலைநகர் டாலஹாசி இருக்கும் லியான் கவுன்ட்டியில் வழக்குப் போட முடிவெடுத்தது. ஆனால் முந்தின நாளே, டிசம்பர் 21 அன்று, ஏசிசி வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுன்ட்டியில் முந்திக்கொண்டது. வழக்கே போடாதவர் மீது வழக்கு! ஒப்படைப்பு செல்லும் என்று அறிவியுங்கள் என்பது கோரிக்கை. ஏன் இந்த அவசரம்? ஃப்ளோரிடா நீதிபதி ஒரு ஃப்ளோரிடாக்காரர்; வட கரோலினாவில் நான்கு ஏசிசி கல்லூரிகள் இருக்கின்றன, தலைமையகமும் அங்கேதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லா வக்கீலுக்கும் தெரியும். உறுப்பினர்களின் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்காமல் ஏசிசி அவசரமாகப் போட்ட வழக்கு இது, செல்லாது என்று ஃப்ளோரிடா ஸ்டேட் வாதிட்டது.

அது மட்டுமல்ல, நாங்கள் ஒரு மாநில அரசின் அங்கம், எங்கள் சம்மதம் இல்லாமல் இன்னொரு மாநில நீதிமன்றம் எங்களை விசாரிக்க முடியாது என்றும் வாதம். 2019இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2022இல் அலபாமாவின் ட்ராய் பல்கலைக்கழக வழக்கில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: தன் மாநிலச் சட்டத்தின்படி வழக்குப் போடவும் போடப்படவும் தகுதியுள்ள ஒரு பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் வந்து தொழில் நடத்தினால், அந்தப் பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். வட கரோலினா பிசினஸ் கோர்ட் நீதிபதி லூயிஸ் பிளெட்சோ 2024 ஏப்ரலில் அந்த வழியிலேயே போய், ஏசிசி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். இன்னொரு பக்கம் ஃப்ளோரிடா நீதிபதியும் தன் முன் இருந்த வழக்கை விடவில்லை. இரண்டு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடின.

ஃப்ளோரிடா ஸ்டேட் போட்ட கணக்கு இது: விலகல் கட்டணம் 13 கோடி, ஒப்படைத்த ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு 42.9 கோடி, திரும்பி வராத ஒளிபரப்புச் செலவு 1.3 கோடி, மொத்தம் 57.2 கோடி டாலர். இந்தப் பூதாகரமான எண் தலைப்புச் செய்திக்காகவே போடப்பட்டது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு வேலையும் இருந்தது. கட்டணம், ஒப்படைப்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், சேர்த்துப் பார்த்தால் இது அபராதம்தான் என்று நீதிபதியைப் பார்க்க வைப்பது.

2024 மார்ச்சில் கிளெம்சனும் தன் ஊரான தென் கரோலினாவின் பிக்கன்ஸ் கவுன்ட்டியில் வழக்குப் போட்டது. மறுநாள் ஏசிசி மெக்லன்பர்க்கில் எதிர்வழக்கு. என்னைக் கேட்டால் கிளெம்சனின் வாதம்தான் கூர்மையானது. அது விலகுகிறேன் என்று சொல்லவே இல்லை. ஒப்படைப்புப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள் என்றது. ஈஎஸ்பிஎன் ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்ற ‘தேவையான’ உரிமைகளைத்தான் கொடுத்திருக்கிறோம். நாங்கள் வெளியே போன பிறகு ஆடும் ஆட்டம் ஏசிசி ஆட்டமே இல்லையே, அதன் உரிமை எப்படித் தேவையான உரிமையாகும்? ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் பல கோடி டாலர் நின்றது.

இதற்கிடையில் ஈஎஸ்பிஎன் ஒப்பந்தத்தையே யாரும் சுலபமாகப் பார்க்க முடியாது. அது வணிக ரகசியம், ஏசிசி தலைமையகத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்ற நிலை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் பணத்தைக் கட்டிப்போடும் பத்திரம் பொது ஆவணம் இல்லையா என்று கேட்டு அப்போதைய ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் ஆஷ்லி மூடியே தனியாக ஒரு வழக்குப் போட்டார். 2036 வரை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தாலும் உண்மையில் ஒப்பந்தம் 2027இல் முடியலாம், அதற்குப் பின் நீட்டிப்பதா வேண்டாமா என்பது ஈஎஸ்பிஎன்னின் விருப்பம் மட்டுமே என்ற விஷயமும் இந்தச் சண்டையில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஈஎஸ்பிஎன் 2025 ஜனவரியில் அந்த விருப்பத்தைப் பயன்படுத்தி 2036 வரை நீட்டித்தது. அதோடு சமரசத்துக்கு வழி திறந்தது.

2025 மார்ச் 4 அன்று எல்லாம் முடிந்தது. டிவி வருமானத்தில் 40 சதவீதம் சமமாகப் பங்கிடப்படும்; மீதி 60 சதவீதம் யாருடைய ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ஐந்தாண்டுச் சராசரிப்படி. விலகல் கட்டணம் 2026இல் 16.5 கோடி டாலர், பிறகு ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து, 2030-31இல் 7.5 கோடிக்கு வந்து அங்கேயே நிற்கும். முக்கியமாக, கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர் தன் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். யோசித்துப் பாருங்கள்: உடைக்கவே முடியாது என்று பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்த ஒப்படைப்பு, எந்த நீதிபதியும் செல்லாது என்று சொல்லாமலே, ஒரு கட்டண அட்டவணையாகக் கரைந்துவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லா வழக்கும் வாபஸ், ஏசிசி பிழைத்தது. ஜெயித்தவை அந்த இரண்டு கல்லூரிகள் என்றுதான் நான் சொல்வேன்.

இனி பேக்-12. மேலே சொன்ன வழக்குகளில் எல்லாம் போகிறவர் கான்ஃபரன்ஸோடு மோதினார். இங்கே எல்லோரும் போய்விட்டார்கள், மிஞ்சிய இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள். செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும். பன்னிரண்டில் மிச்சம் ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

யாருக்கும் வேண்டாத அந்த இரண்டு கல்லூரிகளும் ஒன்றைக் கவனித்தன. 2024 ஆகஸ்ட் 1க்கு முன் விலகல் அறிவிப்புக் கொடுக்கும் உறுப்பினர் நிர்வாகக் குழுவில் இடத்தையும் ஓட்டையும் இழப்பார் என்று பேக்-12 விதி சொல்கிறது. யுஎஸ்சி, யுசிஎல்ஏ அறிவித்தபோது கான்ஃபரன்ஸே அவர்களைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தது. அப்படியென்றால் பத்துப் பேருக்கும் ஓட்டு இல்லை, குழு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்! பத்துப் பேருக்கும் ஓட்டு இருந்தால் என்ன ஆகும்? 10க்கு 2 என்று கான்ஃபரன்ஸையே கலைத்து, சொத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம்.

2023 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்ட்டியில் வழக்குப் போட்டார்கள். கவுன்ட்டியின் தலைநகர் கோல்ஃபாக்ஸ், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் அதே கவுன்ட்டிதான். நீதிபதி கேரி லிபி உடனே தடை உத்தரவு போட்டு, ஏற்பாடாகியிருந்த குழுக் கூட்டத்தை நிறுத்தினார். போகிறவர்கள் சார்பில் வழக்கில் நுழைந்து வாதாடியது வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஒரே மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் எதிரெதிரே. நாங்கள் இப்போது விலகவில்லை, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் போகிறோம், அது விதி தடுக்கும் விலகலே இல்லை என்றது அது. மோசமான வாதம் இல்லை. ஆனால் முன்பு யுஎஸ்சி, யுசிஎல்ஏக்களுக்கு ஓட்டில்லை என்று சொன்ன அதே கான்ஃபரன்ஸ் இன்று மாற்றிப் பேசுவது நீதிபதிக்குச் சரியாகப் படவில்லை. நவம்பர் 14 அன்று நிர்வாகம் அந்த இருவர் கையில் என்று உத்தரவு வந்தது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. சில நாட்களில் சமரசம். போன பத்துக் கல்லூரிகளும் தலைக்கு 65 லட்சம் டாலர் வீதம் 6.5 கோடியை விட்டுக்கொடுத்தன. கூடைப்பந்துப் போட்டிப் பணம், எதிர்கால வருமானம், கான்ஃபரன்ஸின் பெயர் எல்லாம் இருவருக்கு. இந்தத் துறையில் நீதிமன்ற உத்தரவே ஆட்டத்தை முடித்த வழக்கு என்று நான் மதிப்பது இதை ஒன்றைத்தான், அதுவும் இடைக்கால உத்தரவு.

இப்போது, கொள்கை கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்று முன்பு அடைப்புக்குறிக்குள் சொன்ன விஷயம். இரண்டு அணி மட்டும் வைத்துக்கொண்டு யாரோடு ஆடுவது? பேக்-12 மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸோடு 2024 சீசனுக்கு ஓர் அட்டவணை ஒப்பந்தம் போட்டது. எங்கள் உறுப்பினரை இழுத்தால் முதலாமவருக்கு 1 கோடி டாலர், அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும் முந்தினவரைவிட 5 லட்சம் கூடுதல் என்று மவுன்டன் வெஸ்ட் அதில் எழுதி வாங்கியது. 2024 செப்டம்பரில் பேக்-12 ஐந்து கல்லூரிகளை இழுத்தது. கணக்குப் போட்டால் 5.5 கோடி. உடனே பேக்-12 கலிஃபோர்னியாவில் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய், இந்த அபராதம் போட்டிச் சட்டத்துக்கு விரோதம், நாங்கள் இக்கட்டில் இருந்தபோது வாங்கிய கையெழுத்து என்றது. ஒரு வருஷம் முன்பு கோல்ஃபாக்ஸில் விதியை எழுத்துப் பிசகாமல் வாசிக்கச் சொன்னவர்கள்! கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகியவை தங்கள் விலகல் கட்டணத்தை எதிர்த்து மவுன்டன் வெஸ்ட் மீது தனியாக வழக்குப் போட்டன.

விலகல் சம்பந்தமில்லாத வழக்கும் ஒன்று உண்டு. 2023இல் எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை பிக் டென் மூன்று ஆட்டங்களுக்குத் தடை செய்தது. அறிவிப்பு வந்தது நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, அரசு விடுமுறை. மறுநாள் பென் ஸ்டேட்டுடன் ஆட்டம். மிச்சிகன் அன்றே தன் ஊர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. விசாரணை அடுத்த வெள்ளிக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தின நாள் மிச்சிகன் மனுவை வாபஸ் வாங்கித் தடையை ஏற்றுக்கொண்டது, பிக் டென் தன் விசாரணையை மூடியது. ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் கான்ஃபரன்ஸின் கை ஓங்கியே இருக்கும். சங்கத்தின் உள்விவகாரத்தில் தலையிட நீதிபதிகள் தயங்குவார்கள், சீசனும் அவர்களுக்காகக் காத்திருக்காது. மிச்சிகன் அந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, ஜனவரியில் தேசிய சாம்பியனானது வேறு கதை.

வழக்கே போடாமல் முடிந்ததும் உண்டு. டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12ஐ விட்டு ஓர் ஆண்டு முன்னதாக எஸ்இசிக்குப் போக, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன. 1984 வழக்கைப் போட்ட அதே ஓக்லஹோமாதான்.

அடுத்த சுற்று எப்போது என்று கேட்பீர்கள். ஏசிசியின் கட்டணம் 7.5 கோடி என்ற அடிமட்டத்தைத் தொடும் ஆண்டு 2030-31. பிக் டென் 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு போட்ட 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தம் முடிவது 2030இல். இந்த இரண்டு தேதியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுந்தது தற்செயல் என்று சொல்லும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.